ராதாபுரம்: எண்ணப்பட்டும் சொல்லப்படாத வாக்குகள்

2016 மே 19 அன்று தமிழகம் முழுக்க வாக்குகள் எண்ணப்பட்டன. மாநிலத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் ஐ.எஸ்.இன்பதுரை 69,590 வாக்குகளும் திமுகவின் மு.அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றதாக அறிவிப்பு வந்தது. வித்தியாசம் 49. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். காட்டுமன்னார்கோவிலில் தொல்.திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றதைப் பலரும் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ராதாபுரத்தில் அதைவிடவும் நெருக்கம்.

ஆனால், ராதாபுரத்தின் கதை 49 என்ற எண்ணில் இல்லை. 203 என்ற எண்ணில் இருக்கிறது. எண்ணிக்கையின்போது 203 தபால் வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. அவற்றோடு சேர்த்த உறுதிமொழிப் படிவங்களில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்த நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், தலைமையாசிரியர்களின் சான்றொப்பம் செல்லும் என்றார். அந்த 203 தபால் வாக்குகளையும், மின்னணு இயந்திரங்களில் 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணிக்கை நடந்தது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பெட்டிகளும் இயந்திரங்களும் சென்னைக்கு வந்தன. இரு தரப்பும் பார்த்திருக்க எண்ணி முடித்தார்கள். அதே நாளில், முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

அந்தத் தடை நீண்டது. 2021 ஏப்ரல் 6 அன்று அடுத்த தேர்தலுக்கான வாக்குப்பதிவே நடந்துவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை, எண்ணிவைத்த கணக்கை ராதாபுரத்து மக்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதை ஒரு கட்சியின் குறையாகவோ, ஒரு வேட்பாளரின் மனத்தாங்கலாகவோ பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மேல்முறையீடு செய்வது இன்பதுரையின் சட்ட உரிமை. அவரே வழக்கறிஞர், தன் உரிமையை அவர் பயன்படுத்தினார். அப்பாவு தன் உரிமையைப் பயன்படுத்தினார். இருவரும் செய்ததில் தவறே இல்லை. இந்தக் கணக்கில் விட்டுப்போனவர் வாக்காளர். வாக்களிக்கும் உரிமை என்பது பொத்தானை அழுத்துவதோடு முடிந்துபோவதில்லை. அந்த வாக்கு எண்ணப்பட வேண்டும். எண்ணியது உரிய காலத்தில் சொல்லப்பட வேண்டும். இந்த மூன்றில் எது விடுபட்டாலும் மற்ற இரண்டுக்கும் பொருளில்லை. ராதாபுரத்தில் முதல் இரண்டும் நடந்தன.

ராதாபுரம் எப்படிப்பட்ட ஊர் என்று அறிந்தால்தான் இந்த இழப்பின் கனம் புரியும். மேற்கே மகேந்திரகிரி மலை, அதன் அடியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். கிழக்கே திசையன்விளைப் பக்கம் செம்மண் தேரியும் பனையும். தெற்கே உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி என்று கடற்கரை ஊர்கள். நடுவில் கூடங்குளம் அணுமின் நிலையம். நாட்டுக்கு ராக்கெட் இயந்திரத்தைச் சோதித்துக் கொடுக்கிறது இந்த மண். காற்றிலிருந்தும் அணுவிலிருந்தும் மின்சாரம் கொடுக்கிறது. ஆனால், வானம் பார்த்த பூமி. பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ராதாபுரம் கால்வாயில் தண்ணீர் வருமா, எவ்வளவு வரும், எத்தனை நாள் வரும் என்பதுதான் இங்கே விவசாயிகளின் நிரந்தரக் கேள்வி. தண்ணீர் திறக்கச் சொல்லி ஒவ்வொரு ஆண்டும் யாராவது கோட்டைக்கு மனு எடுத்துக்கொண்டு போக வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் யார் என்பது இப்படிப்பட்ட ஊரில் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை.

அரசியலிலும் இது எளிதில் ஒரு பக்கம் சாயாத தொகுதி. 1984-ல் குமரி அனந்தனை காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் சார்பில் அனுப்பிவைத்தது. 1996-ல் அப்பாவு தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 2001-ல் சுயேச்சையாக நின்று வென்றார். 2006-ல் திமுக சார்பில் வென்றார். ஒரே மனிதரை மூன்று அடையாளங்களில் தேர்ந்தெடுத்த மக்கள், 2011-ல் தேமுதிகவின் மைக்கேல் ராயப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்னத்தை மட்டும் பார்த்துக் குத்துகிற தொகுதி இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. சாதி, சபை, கடற்கரை, உள்நாடு என்று எல்லாக் கணக்குகளும் இங்கே உண்டு. எல்லாக் கணக்குகளையும் தாண்டி முடிவெடுக்கிற வழக்கமும் உண்டு.

2011-க்குப் பிறகு கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டம் இந்தத் தொகுதியை நாடறியச் செய்தது. இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன்பந்தலில் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. தேசத்துரோகப் பிரிவும் அதில் இருந்தது. 2013-ல் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. 2016 தேர்தலில் போராட்டக் குழுவின் சுப.உதயகுமாரனும் இந்தத் தொகுதியில் போட்டியிட்டார். கடற்கரை ஊர்களில் பலருக்கு அது சாதாரணத் தேர்தல் இல்லை. தங்களை ஆள்பவர்கள் மீது நம்பிக்கை போன பிறகும், வரிசையில் நின்று வாக்களிப்பதில் அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பதில், ஐந்து ஆண்டுகள் முடியாத ஒரு கணக்கு.

இனி அந்த 203 வாக்குகளுக்கு வருவோம். இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

தபால் வாக்கை யார் போடுகிறார்கள்? ராணுவத்தினரை விட்டால், பெரும்பாலும் தேர்தலை நடத்துகிற ஊழியர்கள். அவர்களில் ஆசிரியர்கள் மிகுதி. தேர்தல் என்றால் அவர்களுக்கு மூன்று கட்டப் பயிற்சி வகுப்பு. முந்தைய நாளே பெட்டி, படுக்கையோடு மண்டல மையத்துக்குப் போய், இயந்திரத்தை வாங்கி, லாரியிலோ பேருந்திலோ ஏறி, முன்பின் தெரியாத ஊரின் பள்ளிக்கூடத்தில் இரவு தங்க வேண்டும். கொசுக்கடியில் படுத்து, விடிவதற்கு முன்னால் எழுந்து, முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மாலைவரை அசையாமல் உட்கார்ந்து, இயந்திரத்தை ஒப்படைத்து வீடு திரும்ப நள்ளிரவாகும். மற்றவர்கள் எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகத் தம்முடைய வாக்குச்சாவடிக்குப் போக முடியாதவர்கள் இவர்கள். அதனால்தான் சட்டம் அவர்களுக்குத் தபால் வாக்கைக் கொடுத்தது.

அந்தத் தபால் வாக்கில் மூன்று படிவங்கள் முக்கியம். வாக்குச்சீட்டு ‘13பி’ என்ற உள்ளுறைக்குள் போகும். ‘நான்தான் இன்னார், நானே வாக்களித்தேன்’ என்ற உறுதிமொழி ‘13ஏ’ படிவத்தில் இருக்கும். அதில் வாக்காளர் கையெழுத்திட வேண்டும், உரிய அலுவலர் சான்றொப்பமிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ‘13சி’ வெளியுறைக்குள் போகும். எண்ணிக்கை நாளில் தேர்தல் நடத்தும் அலுவலர் முதலில் வெளியுறையைப் பிரிக்கிறார், உறுதிமொழியைப் பார்க்கிறார். அது சரியில்லை என்று பட்டால் உள்ளுறையை அவர் பிரிக்கவே கூடாது என்கின்றன 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள். அப்படியே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று குறித்து ஓரமாக வைத்துவிட வேண்டும்.

அதாவது, அந்த 203 பேரும் யாருக்கு வாக்களித்தார்கள் என்று 2016-ல் யாருக்கும் தெரியாது. உறைகள் ஒட்டியபடியே இருந்தன. அவர்களுடைய வாக்கில் பிழை இல்லை. கையெழுத்தில் பிழை இல்லை. தம்முடைய பள்ளியின் தலைமையாசிரியரிடம் போய்ச் சான்றொப்பம் வாங்கியதுதான் குற்றம். ஓர் ஆசிரியருக்கு அதைவிட இயல்பான இடம் எது? தலைமையாசிரியர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரா, இல்லையா என்பது அரசாணைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டிய கேள்வி. பயிற்சி வகுப்பிலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டியது தேர்தல் துறையின் பொறுப்பு. அரசு தன் வீட்டு வேலையைச் சரியாகச் செய்யாததற்குத் தண்டனையாக, அரசின் வேலையைச் செய்தவரின் வாக்கு போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 203 வாக்குகளும் இரண்டே வேட்பாளர்களுக்கு விழுந்திருந்ததாகவும், மற்ற சுற்றுகளில் மாற்றமில்லை என்றும் வைத்துக்கொண்டால், 127 வாக்குகள் அப்பாவுக்கு விழுந்திருந்தால் அவர் வென்றிருப்பார். 125 விழுந்திருந்தால் இன்பதுரையின் வெற்றி நிலைத்திருக்கும். சரியாக 126-ம் 77-ம் என்று பிரிந்திருந்தால் இருவரும் சமம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வெற்றியாளரைத் தீர்மானித்திருக்க வேண்டும். ஒரே ஓர் ஆசிரியரின் உறை, வெற்றிக்கும் குலுக்கலுக்கும் இடையே நின்றிருக்கலாம். எந்தப் பக்கம் விழுந்தது என்பது இங்கே என் கவலை இல்லை. இன்பதுரையின் வெற்றிதான் உறுதிப்பட்டிருக்கும் என்றால், ஐந்து ஆண்டுகள் அவர்மேல் படிந்திருந்த சந்தேகத்தை நீக்கும் உரிமை அவருக்கும் இருந்தது. முடிவைச் சொல்லாமல் விட்டது அவருக்கும் இழைத்த அநீதிதான்.

*

மறு எண்ணிக்கையை நீதிமன்றங்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. அதற்கு வலுவான காரணம் உண்டு. தோற்றவரெல்லாம் மறுபடி எண்ணச் சொன்னால் எந்தத் தேர்தலும் முடிவுக்கு வராது. வாக்கின் ரகசியமும் கெடும். குறிப்பான காரணத்தை, குறிப்பான ஆதாரத்தோடு காட்டினால் மட்டுமே வாக்குச்சீட்டுகளைத் திறக்கலாம் என்பதை 1964 முதலே உச்ச நீதிமன்றம் வலியுறுத்திவருகிறது. அது சரியான நிலைப்பாடு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது, முடிந்த பிறகு தேர்தல் மனு மூலம்தான் கேள்வி எழுப்ப வேண்டும் என்கிறது அரசமைப்பின் 329-வது கூறு. ஆகவே, எண்ணும் மேசையில் நடந்த தவறைத் திருத்தத் தேர்தல் மனுவை விட்டால் வேறு கதவே இல்லை. ஒரே கதவுதான் இருக்கிறது என்றால், அந்தக் கதவு நேரத்துக்குத் திறக்க வேண்டும்.

சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. முடிவு வந்த 45 நாட்களுக்குள் மனு போட வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் மனு தள்ளுபடி. தேர்தல் தீர்ப்பாயங்களில் வழக்குகள் இழுபடுகின்றன என்பதால்தான் 1966-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த வழக்குகளை நேராக உயர் நீதிமன்றத்திடம் கொடுத்தார்கள். விசாரணையை இயன்றவரை அன்றாடம் நடத்த வேண்டும், மனு தாக்கலான ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 86-வது பிரிவு சொல்கிறது. குடிமகனுக்கு விதித்த 45 நாள் கெடு கல்லில் செதுக்கியது. நீதிமன்றத்துக்கு விதித்த ஆறு மாதக் கெடு ‘முயல வேண்டும்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டது. 2011-ல் கொளத்தூர் தொகுதியில் மு.க.ஸ்டாலின் பெற்ற வெற்றியை எதிர்த்து சைதை துரைசாமி தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2017-ல். அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்து, அடுத்த தேர்தலும் நடந்துவிட்டது. எந்தக் கட்சி மனுதாரர், எந்தக் கட்சி எதிர்மனுதாரர் என்பதைப் பொறுத்து இந்தத் தாமதம் மாறுவதில்லை.

கேரளத்தின் மஞ்சேஸ்வரத்திலும் 2016-ல்தான் இதேபோல் ஒன்று நடந்தது. முஸ்லிம் லீக்கின் பி.பி.அப்துல் ரசாக்கிடம் பாஜகவின் கே.சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். கள்ள வாக்குகள் பதிவானதாக வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018 அக்டோபரில் ரசாக் காலமானார். மனு நிலுவையில் இருந்ததால் இடைத்தேர்தலும் தள்ளிப்போனது. பிறகு சுரேந்திரன் மனுவைத் திரும்பப் பெற, 2019 அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்தது. ஏறக்குறைய ஓராண்டு அந்தத் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. ராதாபுரத்துக்கு ஆள் இருந்தார், அவர்தானா என்ற கேள்வியும் இருந்தது. மஞ்சேஸ்வரத்துக்கு அதுவும் இல்லை.

வேறு மாதிரியும் நடக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் தொகுதி நல்ல உதாரணம். 1997 மே 1 பொதுத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் மார்க் ஓட்டன் அங்கே இரண்டே வாக்குகளில் வென்றார். தோற்றவர், அதுவரை உறுப்பினராக இருந்த ஜெரி மலோன். வாக்குச்சாவடி ஊழியர்கள் முத்திரை குத்தத் தவறியதால் 50-க்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் செல்லாதவையாகியிருந்தன. ராதாபுரத்தைப் போலவே, வாக்காளர் செய்யாத பிழைக்கு வாக்காளர் தண்டிக்கப்பட்ட வழக்கு. அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் தேர்தலை ரத்துசெய்தது. நவம்பர் 20-ல் மறு தேர்தல் நடந்தது. ஓட்டன் 21,556 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தேர்தல் நாளிலிருந்து எண்ணினால் ஏழு மாதம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. மக்களிடம் திருப்பிக் கேட்டார்கள். மக்கள் யாரும் சந்தேகப்பட முடியாதபடி பதில் சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராதாபுரத்திலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் தென்காசிக்கே போகலாம். 2021-ல் அங்கே காங்கிரஸின் சு.பழனி நாடார், அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை 370 வாக்குகளில் வென்றார். தபால் வாக்குகளை எண்ணியதில் குறை இருப்பதாக வழக்கு வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2023 ஜூலை 13 அன்று தபால் வாக்குகள் மறுபடி எண்ணப்பட்டன. முடிவை அன்றே சொன்னார்கள். பழனி நாடாரின் வெற்றி உறுதியானது. அதன் பிறகு அந்தத் தொகுதியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச எதுவும் மிச்சமில்லை. எண்ணிக்கைக்கு இருக்கும் ஆற்றல் அதுதான்: சொல்லிவிட்டால் சண்டை ஓயும். இங்கும் இரண்டு ஆண்டுக்கு மேலாகிவிட்டது என்பது குறைதான். என்றாலும், ராதாபுரத்துக்குக் கிடைக்காதது தென்காசிக்குக் கிடைத்தது.

ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர், இதற்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். 2016-க்கும் 2021-க்கும் இடையே தமிழகம் எப்படி ஆளப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி கே.பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றபோது ஆதரவு வாக்குகள் 122. அந்த ஆண்டு செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2019-ல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தபோது, ஆட்சி நிலைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. அதிமுக 9 இடங்களில் வென்றதால் நிலைத்தது. அப்படிப்பட்ட ஐந்தாண்டில் ஒவ்வொரு இருக்கைக்கும் எடை இருந்தது. ராதாபுரத்தின் இருக்கை ஆட்சியைக் கவிழ்த்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒவ்வொரு கையும் எண்ணப்பட்ட ஒரு சபையில், ஒரு கை யாருடையது என்பது தீர்மானிக்கப்படாமலேயே இருந்தது.

2021-ல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். அப்பாவு 5,925 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரும் ஆனார். இன்பதுரை 2025-ல் மாநிலங்களவைக்குச் சென்றார். ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-ல் ஒரே வாக்கில் தோற்ற சி.பி.ஜோஷியும் பத்தாண்டு கழித்து அதே தொகுதியில் வென்று, அம்மாநிலப் பேரவைத் தலைவரானவர்தான். அரசியல்வாதிகளின் வாழ்வில் இப்படி இழப்புகள் ஈடாகிவிடும். அடுத்த தேர்தல் வரும், வேறு பதவி வரும், கட்சி கைவிடாது. 2016-ல் வாக்களித்த கூத்தங்குழி மீனவருக்கும் பணகுடி ஆசிரியருக்கும் 2016-2021 என்ற காலம் திரும்ப வராது. ‘அதான் 2021-ல் ஜெயிச்சுட்டாரே’ என்று சொல்லி இந்த விஷயத்தை முடித்துவைப்பவர்கள், தேர்தல் என்பது வேட்பாளருடைய சொத்து என்று நினைக்கிறார்கள்.

*

தேர்தல் ஆணையம் கைகட்டிக்கொண்டு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவற்றை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்ற நெறிமுறை நடைமுறையில் இருக்கிறது. 2025 செப்டம்பரில், தபால் வாக்குகளை எண்ணி முடித்த பிறகே இயந்திர வாக்குகளின் கடைசிக்கு முந்தைய சுற்றை எண்ண வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. தேர்தல் பணியாளர்கள் உதவி மையங்களிலேயே வாக்களிக்க வேண்டும் என்று விதி மாற்றப்பட்டதால், சான்றொப்பத்துக்கு அலைய வேண்டிய நிலையும் குறைந்திருக்கிறது. இவை நல்ல மாற்றங்கள். இதற்கிடையே தபால் வாக்குகளின் வீச்சும் கூடியிருக்கிறது: 2021-ல் 80 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள், 2024-ல் அந்த வயது வரம்பு 85 ஆனது. எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டி, படுக்கையில் சாய்ந்தபடி போட்ட வாக்கும் இன்று அந்த உறைகளுக்குள்தான் இருக்கிறது. 2021-ல் தியாகராய நகரில் 137 வாக்குகளில் முடிவு தீர்மானமானது, மொடக்குறிச்சியில் 281. நெருக்கமான போட்டிகளில் உறைகள்தான் ஆளைத் தீர்மானிக்கப் போகின்றன.

ஆணையம் தன் பங்குக்கு மாற்றியிருக்கிறது. நீதிமன்றப் பக்கம் அந்த மாற்றம் வரவில்லை. பணம் கொடுத்தார்கள், மிரட்டினார்கள், வேட்புமனுவில் பொய் சொன்னார்கள் என்கிற வழக்குகளில் சாட்சிகளை விசாரிக்க வேண்டும், காலம் பிடிக்கும். நிராகரித்த வாக்குகளைப் பற்றிய வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததில்லை. ஆதாரம் முழுவதும் அரசின் காவலில், முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கிறது. ‘தலைமையாசிரியர் சான்றொப்பமிடலாமா?’ என்பது ஒற்றைச் சட்டக் கேள்வி. அதற்கு மூன்று ஆண்டுகள் தேவையே இல்லை. வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரித்த வாக்குகள் அதிகம் என்ற வழக்குகளை மட்டும் தனியாகப் பிரித்து, அந்தக் கேள்வியை முதலில் எடுத்து, சட்டம் சொல்லும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு தேர்தலில் இப்படிப்பட்ட வழக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வரும். இதற்காக ஒரு நீதிபதியை ஒதுக்குவது உயர் நீதிமன்றத்துக்குப் பாரமாக இருக்காது.

தடை உத்தரவைப் பற்றி உச்ச நீதிமன்றத்திடம் பணிவோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எண்ணிக்கையின் விளைவை நிறுத்திவைப்பது வேறு. எண்ணிக்கையையே மறைத்துவைப்பது வேறு. மேல்முறையீடு முடியும்வரை உறுப்பினர் பதவியில் மாற்றம் இருக்காது என்று உத்தரவிட்டுவிட்டு, எண்ணை வெளியிட அனுமதித்திருக்கலாம். எண் வெளியானால் மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், அது மேல்முறையீட்டைப் பாதிக்கும் என்பது எதிர்வாதம். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. தலைமையாசிரியரின் சான்றொப்பம் செல்லாது என்று கடைசியில் தீர்ப்பாகியிருந்தால், வெளியான எண் வீண் குழப்பமாகியிருக்கும். ஆனால், தடை சில வாரங்களுக்கு என்றால்தான் அந்த வாதத்துக்கு வலு. ஒன்றரை ஆண்டு தாண்டி, அந்தச் சபையே கலைகிறவரை போனால், தற்காலிகத் தடையே இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது. யாரும் எழுதாத, யாரும் கையெழுத்திடாத தீர்ப்பு.

இன்னொரு சீர்திருத்தத்துக்கு நாடாளுமன்றமும் வேண்டாம், உச்ச நீதிமன்றமும் வேண்டாம். தபால் வாக்கு நிராகரிக்கப்பட்டால் அதைப் போட்டவருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. வங்கியில் நாம் போட்ட காசோலை திரும்பினால், கையெழுத்து மாறியிருக்கிறதா, தேதி தவறா என்று காரணம் எழுதிய சீட்டு கைக்கு வருகிறது. வாக்குக்கு அது இல்லை. உறுதிமொழிப் படிவத்தில் வாக்காளரின் பெயர் இருக்கிறது. வாக்குச்சீட்டின் வரிசை எண் இருக்கிறது. நிராகரித்த காரணத்தைக் குறிப்பெழுத வேண்டியது ஏற்கெனவே அலுவலரின் கடமை. உள்ளுறையைப் பிரிப்பதில்லை என்பதால் வாக்கின் ரகசியத்துக்கும் பங்கமில்லை. அதே குறிப்பை ஒரு குறுஞ்செய்தியாக வாக்காளரின் கைபேசிக்கு அனுப்பினால் போதும். 2016 மே 19 மாலையே ராதாபுரத்தில் 203 பேருக்கு ‘சான்றொப்பமிட்டவர் தகுதியற்றவர் என்பதால் உங்கள் வாக்கு ஏற்கப்படவில்லை’ என்ற செய்தி போயிருந்தால், அவர்கள் மறுநாளே தம் தலைமையாசிரியரின் பதவி நிலையைச் சொல்லும் அரசாணையோடு தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போயிருப்பார்கள். வழக்கு ஒரு வேட்பாளருடையதாக இல்லாமல், வாக்கை இழந்தவர்களுடையதாக நீதிமன்றத்துக்கு வந்திருக்கும்.